சிறந்த படங்களை வரிசைப்படுத்தும்போது எங்கே தவறுகிறோம்

நினைவிலிருந்து பட்டியல் போடுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கின்றன. கண்ணை மூடி யோசித்தால், நாம் ஒரு படத்தைப் பார்த்த நாள்தான் முதலில் நினைவுக்கு வரும். யாரோடு பார்த்தோம், அப்போது என்ன வயது, வெளியே வந்து எவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தோம் என்பதெல்லாம் படத்தோடு கலந்துவிடும். அந்த மகிழ்ச்சி உண்மையானது, அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இடம் கொடுப்பது படத்துக்கு என்றால், படத்தை இன்னொரு முறை பார்த்தே ஆகவேண்டும்.

பல வருடங்களாக நான் மூன்றாம் இடத்தில் வைத்திருந்த ஒரு படத்தைச் சமீபத்தில் மறுபடி பார்த்தேன். நான் நேசித்தது அதன் கடைசி இருபது நிமிடங்களை மட்டும்தான் என்று புரிந்தது. மீதியை நினைவு தானாகவே நிரப்பி வைத்திருந்தது. எதிர்ப்பக்கமும் நடந்தது. எட்வர்ட் யாங் இயக்கிய 'யீ யீ' 2000-ல் வந்த படம், 173 நிமிடம் ஓடும். முதல் முறை பார்த்தபோது, எப்போது முடியும் என்று காத்திருந்தேன். அதில் ஒரு சிறுவன் மனிதர்களின் பின்தலையைப் படம் எடுத்துக்கொண்டே இருப்பான். அவரவரால் பார்க்க முடியாத பக்கத்தை அவரவருக்கே காட்ட வேண்டும் என்பது அவன் எண்ணம். பல வருடம் கழித்துப் பார்த்தபோது அந்தக் காட்சியில் அழுதுவிட்டேன். படத்தில் ஒரு ஃபிரேம்கூட மாறவில்லை. இப்போது என் முதல் ஐந்தில் அது இருக்கிறது.

அதனால் முதலில் வரும் இருபது படங்களையாவது மறுபடி பார்க்காமல் எண் போடாதீர்கள். வாரத்துக்கு இரண்டு என்று வைத்தால் பத்து வாரம். பட்டியலுக்காகச் செலவழிக்கும் நேரத்தில் இதைவிடப் பயனுள்ளது எனக்குத் தெரியவில்லை.

அடுத்த தவறு, புதிதாகப் பார்த்த படத்தை நேராக மேலே ஏற்றுவது. நான் மூன்று வருடம் பொறுக்கிறேன். கொஞ்சம் கடுமையான விதிதான், ஆனால் காரணம் இருக்கிறது. பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் 1952 முதல் பத்து வருடத்துக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் வாக்கெடுப்பு நடத்துகிறது. 1941-ல் வந்த 'சிட்டிசன் கேன்' முதல் வாக்கெடுப்பில் பத்துக்குள்கூட வரவில்லை. அப்புறம் 1962-லிருந்து 2002 வரை ஐந்து முறை தொடர்ந்து முதலிடம். 2012-ல் அந்த இடத்தை 'வெர்டிகோ' பிடித்தது. 1958-ல் வெளியானபோது விமர்சகர்களிடம் கலவையான வரவேற்பைப் பெற்ற படம் அது. 2022-ல் முதலிடம், ஷான்டால் ஆகர்மான் 1975-ல் எடுத்த 'ஜான் டீல்மன்' படத்துக்கு. பத்து வருடம் முன்பு அதுவும் முதல் பத்தில் இல்லை. தொழில்முறை விமர்சகர்களின் கூட்டு முடிவுக்கே இவ்வளவு காலம் பிடிக்கிறது என்றால், நேற்று இரவு பார்த்த படத்தை இன்று காலை எடைபோட்டுவிட முடியுமா?

விருதையும் வசூலையும் சான்றாக எடுத்துக்கொள்வதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்' 1994-ல் வந்தது. ஏழு ஆஸ்கர் பரிந்துரைகள் கிடைத்தும் ஒரு விருதுகூடக் கிடைக்கவில்லை, திரையரங்கிலும் ஓடவில்லை. மக்கள் அதை வீடியோவிலும் தொலைக்காட்சியிலும் கண்டுபிடித்துக்கொண்டார்கள். விருது என்பது அந்த வருடத்துப் படங்களுக்குள் நடக்கும் போட்டி. இருபது, முப்பது வருடப் படங்களை ஒன்றாக நிறுத்தும் இடத்தில் அது உதவாது.

கால எல்லையை முடிவு செய்யாமல் தொடங்குவது சின்ன விஷயம்போலத் தெரியும், பாதி வழியில் காலை வாரிவிடும். பிபிசி 2016-ல் 177 விமர்சகர்களிடம் இருபத்தொன்றாம் நூற்றாண்டின் சிறந்த படங்களைக் கேட்டபோது 'முல்ஹாலண்ட் டிரைவ்' முதலிடத்திலும் 'இன் தி மூட் ஃபார் லவ்' இரண்டாம் இடத்திலும் வந்தன. இரண்டாவது படம் வந்த வருடம் 2000. கணக்குப்படி அது இருபதாம் நூற்றாண்டின் கடைசி வருடம், ஆனால் சேர்த்துக்கொள்வது என்று முன்பே முடிவு செய்திருந்தார்கள். அதுபோல நீங்களும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். திரைப்பட விழாவில் திரையிட்ட வருடமா, பொதுமக்களுக்கு வெளியான வருடமா என்பதையும் சேர்த்துத்தான். 'மெமெண்டோ' வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டது 2000-ல், அமெரிக்கத் திரையரங்குக்கு வந்தது 2001-ல்.

தொடர் படங்களிலும் இதே சிக்கல். மூன்று பாகத்துக்கு ஒரு இடமா, மூன்று இடமா? 2002 சைட் அண்ட் சவுண்ட் வாக்கெடுப்பில் 'தி காட்ஃபாதர்' படத்தின் முதல் இரண்டு பாகங்களையும் சேர்த்து எண்ணினார்கள், நான்காம் இடம் கிடைத்தது. 2012-ல் தனித்தனியாக எண்ணினார்கள், இரண்டும் முதல் பத்திலிருந்து வெளியே போயின. விதி மாறினால் வரிசையும் மாறுகிறது என்பதற்கு இதுவே போதும்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் தவறு ஒன்று உண்டு: மரியாதைக்காகப் படம் சேர்ப்பது. 'இது இல்லாவிட்டால் என்ன நினைப்பார்கள்' என்ற பயத்தில் வந்து உட்காரும் படங்கள் எந்தப் பட்டியலிலும் தனியாகத் தெரியும். அவற்றைப் பற்றி ஒரு காட்சியைச் சொல்லச் சொன்னால் வார்த்தை வராது. நான் வைத்திருக்கும் சோதனை எளிமையானது. பட்டியலில் உள்ள ஒவ்வொரு படத்திலிருந்தும் ஒரு காட்சியை, அது ஏன் என்னைத் தொட்டது என்பதோடு, நான்கு வரியில் எழுத முடிய வேண்டும். முடியாவிட்டால் எடுத்துவிடுவேன்.

அதே நேரம், பழக்கத்தால் சில வகைகள் கண்ணிலேயே படாமல் போகும். ஆவணப்படம், அனிமேஷன், நாம் அறியாத மொழிகள். 'ஸ்பிரிட்டட் அவே' 2002-ல் பெர்லின் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கக் கரடியை இன்னொரு படத்தோடு பகிர்ந்துகொண்ட அனிமேஷன் படம், ஆனாலும் 'அது கார்ட்டூன்' என்று ஒதுக்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இங்கே ஒதுக்கீடு வேண்டும் என்று சொல்லவில்லை. பார்த்த பிறகு வேண்டாம் என்று விடலாம், பார்க்காமலே விடக்கூடாது.

ஒளிப்பதிவுக்கு இத்தனை, இசைக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுக் கூட்டும் முறையையும் விட்டுவிடுங்கள். எதிலும் குறையில்லாத, எதுவும் மனதில் நிற்காத படம்தான் அதில் ஜெயிக்கும். எண் போடுவதுகூட முதல் பத்துக்கு மட்டும் போதும். இரண்டிரண்டாக எடுத்து, இதில் ஒன்றை மட்டும்தான் இனிமேல் பார்க்க முடியும் என்றால் எது என்று கேட்டுப் பாருங்கள். 37-க்கும் 38-க்கும் நடுவில் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது, அங்கே வருட வரிசையில் எழுதிவிடலாம்.

அப்புறம், பட்டியலின் மேலே தேதி போடுங்கள், பழையதைத் திருத்தாமல் புதிதாக எழுதுங்கள். என் முதல் பட்டியல் ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அதில் 'யீ யீ'யை எழுதி, ஒரு கோடு போட்டு அடித்திருக்கிறேன்.