வர்ணக் கண்ணாடி வேலைக்கு முதலில் கிறைண்டர்

வீட்டில் வர்ணக் கண்ணாடி வேலை தொடங்குவோர் கண்ணாடியை அறுக்கும் வாள் இயந்திரத்துக்கு முன், வெட்டிய துண்டுகளின் விளிம்பை அரைத்துச் சீராக்கும் நல்ல கிறைண்டர் ஒன்றை வாங்குவதே சிறந்தது. பெரும்பாலான வடிவங்களுக்குக் கைக் கட்டர் போதும். உட்குழிந்த ஆழமான வளைவுகளுக்கே வைரத்தூள் பதித்த வாள் உண்மையில் தேவைப்படும்.

கனடாவிலிருந்து உறவினர் அனுப்பும் இயந்திரம் பெரும்பாலும் 120 வோல்ற்று, 60 ஹேர்ட்ஸுக்கு உரியது. யாழ்ப்பாணத்து மின்சாரமோ 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். மின்மாற்றி வோல்ற்றளவைக் குறைக்குமேயன்றி அதிர்வெண்ணை மாற்றாது என்பதால் மோட்டார் அதிகம் சூடேறக்கூடும். ஆகவே இங்குள்ள மின்சாரத்துக்கு ஏற்றதையே கேட்டுப் பெறுங்கள்.

கிறைண்டரின் சுழலும் வைர முனைக்கு நீரூட்டும் பஞ்சு எப்போதும் நனைந்திருக்க வேண்டும். உலர்ந்த நிலையில் அரைத்தால் வைர முனை விரைவில் தேய்வதுடன், கண்ணாடி விளிம்பு சிதறி, நுரையீரலுக்குத் தீங்கான தூசியும் எழும். நமது சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்றுநீர் காய்ந்ததும் வெண்படிவு விடுவதால், சேமித்த மழைநீரைப் பயன்படுத்துவது நல்லது. தொட்டியில் தேங்கும் கண்ணாடிச் சேற்றைக் குழாய்வழியிலோ கிணற்றடியிலோ ஒருபோதும் ஊற்றாதீர்கள். வாளியில் அடையவிட்டு, தெளிந்த நீரை அகற்றியபின் கட்டியாகக் குப்பையில் சேர்க்கவும். தண்ணீரும் மின்சாரமும் அருகருகே இருக்கும் வேலையாதலால் ட்ரிப் சுவிட்ச் உள்ள இணைப்பும் கண்களுக்குப் பாதுகாப்பு மூக்குக்கண்ணாடியும் கட்டாயம் தேவை.