குளிர்காலம் முடிந்து நீச்சல் குளத்தைத் திறக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

மாதக்கணக்கில் மூடிக்கிடந்த குளத்தைத் திறக்கும்போது வருகிற தொல்லைகள் பெரும்பாலும் அவசரத்தால் வருபவை. கவரை எடுத்த கையோடு குளோரினைக் கொட்டிவிடுகிறோம். முதலில் தண்ணீர் ஓட வேண்டும், அடுத்து அதைச் சோதிக்க வேண்டும், அதற்கப்புறம்தான் மருந்து. இந்த வரிசை மாறினால் பணமும் போகும், குளமும் தெளியாது.

ஆனால் அவசரப்படக் கூடாது என்பதற்காகத் திறப்பதையே தள்ளிப்போடவும் கூடாது. வெயில் நன்றாக ஏறிய பிறகு திறக்கலாம் என்று காத்திருப்பவர்களுக்குப் பச்சைக் குளம்தான் மிஞ்சும். தண்ணீரின் வெப்பம் 15 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே பாசி வேகம் பிடிக்கும். இலையுதிர் காலத்தில் போட்ட குளோரின் அதற்குள் தீர்ந்திருக்கும். நீங்கள் குளிக்கிற அளவுக்குத் தண்ணீர் சூடாவதற்குச் சில வாரங்கள் முன்பே திறந்துவிடுங்கள். குளிர்ந்த நீரைச் சுத்தமாக வைத்திருப்பதற்கு ஆகும் செலவு, பச்சையான நீரைத் தெளிய வைக்க ஆகும் செலவைவிடக் குறைவு.

கவர் விஷயத்தில் நடக்கும் தவறு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: மேலே தேங்கிய மழைநீரும் அழுகிய இலைகளும் அப்படியே குளத்துக்குள் சரிந்துவிடும். முதலில் சிறிய பம்ப் வைத்து அந்தத் தண்ணீரை வெளியேற்றுங்கள், இலைகளை வாரி எடுங்கள். பம்ப் ஓடிக்கொண்டே இருந்தும் கவர் மேலிருக்கும் தண்ணீர் வடியாமல், குளத்தின் மட்டம் இறங்கினால், கவரில் எங்கோ கிழிசல் இருக்கிறது. நீங்கள் இறைப்பது குளத்துத் தண்ணீரை. உடனே நிறுத்துங்கள். வலைக் கவர் என்றால் இந்த வேலையே இல்லை, மழைநீர் தானாகவே உள்ளே இறங்கியிருக்கும். எடுத்த கவரைக் கழுவி, நன்றாகக் காயவைத்துத்தான் சுருட்ட வேண்டும். ஈரத்தோடு வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும்.

தண்ணீர் கறுப்பாக இருப்பதைப் பார்த்ததும் சிலர் மொத்தத்தையும் இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்பக் கிளம்பிவிடுவார்கள். தயவுசெய்து அந்த யோசனையே வேண்டாம். பனி உருகி, மழையும் பெய்த சமயத்தில் நிலத்தடி நீர் மேலேறி நிற்கும். உள்ளே எடை இல்லாத குளத்தை அந்த நீர் கீழிருந்து தள்ளும். ஃபைபர் கிளாஸ் தொட்டி மண்ணைவிட்டுக் கிளம்பிவிடும், கான்கிரீட் தரையும் வெடிக்கலாம். குளத்தின் உட்புறம் விரித்திருக்கும் பிளாஸ்டிக் உறையான வினைல் லைனர் காய்ந்து சுருங்கினால் மறுபடி பழைய இடத்தில் பொருந்தாது. இருக்கிற தண்ணீரைச் சுத்தப்படுத்துவதே சரி. குறைந்திருந்தால் ஸ்கிம்மர் (மேல்மட்டக் குப்பையை இழுக்கும் சுவர்த் திறப்பு) வாயின் பாதி உயரம் வரை நிரப்பினால் போதும்.

அடுத்தது பம்ப். இங்கே நிதானம் வேண்டும். குளிர்காலத்துக்காகக் குழாய்களில் அடைத்து வைத்த ரப்பர் அடைப்பான்களை எல்லாம் எடுத்தாயிற்றா, பம்ப், ஃபில்டர், ஹீட்டர் ஆகியவற்றின் வடிகால் திருகுகளைத் திரும்பப் போட்டாயிற்றா என்று எண்ணிப் பாருங்கள். ஒரு அடைப்பானை மறந்தாலும் தண்ணீர் வழி இல்லாமல் முட்டி நிற்கும். பம்ப் மூடியைத் திறந்து கூடை நிரம்பும் வரை தண்ணீர் ஊற்றுங்கள். உலர்ந்த பம்ப்பை ஓடவிட்டால் அதன் சீல் சூட்டில் கருகி, கசியத் தொடங்கும். மூடியின் ஓ-ரிங்கை (ரப்பர் வளையத்தை) விரலால் தடவிப் பார்த்தால் வெடிப்பு தெரிந்துவிடும். நன்றாக இருந்தால் சிலிக்கான் கிரீஸ் தடவி மாட்டுங்கள். வாசலின் போன்ற பெட்ரோலியப் பொருள் வேண்டாம், அது ரப்பரை உப்பவைத்துக் கெடுக்கும்.

ஃபில்டரின் மேல் உள்ள காற்று வால்வைத் திறந்து வைத்து, தள்ளி நின்றபடி பம்ப்பைப் போடுங்கள். உள்ளே அடைபட்ட காற்று அழுத்தமாகும்போது, கிளாம்ப் சரியாக மாட்டாத ஃபில்டர் மூடி பறந்து வந்து ஆளைச் சாய்த்துவிடும். வால்விலிருந்து காற்று நின்று, தண்ணீர் சீராகப் பீய்ச்சி அடித்ததும் அதை மூடலாம். சில நிமிடங்களாகியும் தண்ணீர் ஏறவில்லை என்றால் பம்ப்பை நிறுத்திவிட்டு, உறிஞ்சும் பக்கத்தில் காற்று எங்கே நுழைகிறது என்று தேடுங்கள். தண்ணீர் போகும் வழியை மாற்றும் ஃபில்டரின் கைப்பிடி வால்வை பம்ப் ஓடும்போது ஒருநாளும் திருப்பக் கூடாது. ஃபில்டர் சுத்தமாக இருக்கும்போது பிரஷர் கேஜ் எந்த எண்ணில் நிற்கிறது என்று எழுதி வையுங்கள். அதைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) கூடினால் ஃபில்டரைச் சுத்தம் செய்யும் நேரம் வந்துவிட்டது.

சரி, தண்ணீர் ஓட ஆரம்பித்துவிட்டது. ஒருநாள் முழுக்க ஓடட்டும். அப்போதுதான் மேல் நீரும் அடி நீரும் கலக்கும். அதற்கு முன் எடுத்த சோதனை எதையும் நம்ப முடியாது. மாதிரியை மேல்மட்டத்தில் மொள்ளாமல், முழங்கை ஆழத்தில் எடுங்கள். போன வருடத்துச் சோதனைப் பட்டைகளின் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

முதலில் காரத்தன்மை 80 முதல் 120 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவு) வரட்டும். அது நிலைத்தால்தான் பிஎச் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்) நிலைக்கும். பிஎச் 7.2 முதல் 7.8 வரை இருக்கலாம், நடுவில் நிற்பது நல்லது. இது வெறும் சம்பிரதாயம் இல்லை. பிஎச் 7.2இல் குளோரினில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கிருமியைக் கொல்லும் வடிவில் இருக்கும். 7.8இல் அது மூன்றில் ஒரு பங்காகிவிடும். பிஎச்சைப் பார்க்காமல் குளோரினை மட்டும் கூட்டிக்கொண்டே போனால், போட்டதில் பெரும்பகுதி வேலையே செய்யாது.

ஷாக் மருந்தை, அதாவது ஒரேயடியாகப் போடும் அதிக அளவு குளோரினை, பொழுது சாய்ந்த பிறகு போடுங்கள். ஸ்டெபிலைசர் (வெயிலில் அழியாமல் காக்கும் பொருள்) இல்லாத குளோரினைப் பகல் வெயில் ஓரிரு மணி நேரத்தில் அழித்துவிடும். போடுவதற்கு முன் சுவர், படிக்கட்டின் மூலை, ஏணியின் பின்புறம் எல்லாம் பிரஷ்ஷால் தேய்த்துவிட வேண்டும். ஒட்டியிருக்கும் பாசிப் படலத்துக்குள் குளோரின் எளிதில் இறங்காது. தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தும் பச்சை நிறம் தெரிந்தால், அது பாசியாக இல்லாமல் செம்பாக இருக்கலாம். அப்போது ஷாக் போட்டால் சுவரில் கறை படியும். உலோகத்தைச் சோதித்துவிட்டு முடிவெடுங்கள்.

மருந்துகளைக் கையாள்வதில் நடக்கும் தவறுதான் எனக்கு மிகவும் பயம் தருவது. ஷாக்காகப் போடும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டும், ட்ரைகுளோர் மாத்திரையும் இரண்டுமே குளோரின்தானே என்று ஒரே வாளியில் போடுகிறார்கள். இவை சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒன்றை அள்ளிய கரண்டியால் இன்னொன்றை அள்ளுவதுகூடக் கூடாது. அமிலம் குளோரினோடு கலந்தால் நச்சு வாயு கிளம்பும். எப்போதும் தண்ணீரில்தான் மருந்தைச் சேர்க்க வேண்டும், மருந்தின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் டப்பாவைத் திறங்கள்.

தண்ணீர் தெளிந்துவிட்டது என்று பிள்ளைகள் குதிக்கத் தயாராவார்கள். குளோரின் அளவு மருந்து டப்பாவில் சொல்லியிருக்கும் பாதுகாப்பான எல்லைக்கு இறங்கியதா என்று சோதித்த பிறகே விடுங்கள். ஆழமான பகுதியின் அடியிலிருக்கும் வடிகால் மூடி மேலிருந்து பார்க்கத் தெளிவாகத் தெரிய வேண்டும். அது தெரியாத குளத்தில் ஒரு குழந்தை மூழ்கினாலும் தெரியாது. அந்த மூடி உடையாமல் இறுக்கமாக இருக்கிறதா, ஏணியின் போல்ட்டுகள் ஆடுகின்றனவா, வேலிக்கதவு தானாகச் சாத்தித் தாழிட்டுக்கொள்கிறதா என்பதையும் அன்றே பாருங்கள். மின்கசிவு பிரேக்கரின் டெஸ்ட் பட்டனை அழுத்தும்போது மின்சாரம் துண்டிக்கப்படவில்லை என்றால், எலக்ட்ரீஷியன் வந்து சரிசெய்யும்வரை யாரும் தண்ணீரில் கால் வைக்க வேண்டாம்.