டெல்டாவில் ஷெட் போடப் போகிறீர்களா? ஷீட்டுக்கு முன்னால் ஸ்க்ரூவைப் பாருங்கள்

மாடியில் ஷெட் போட நினைப்பவர்களும், பழைய ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டு ஷீட் போட நினைப்பவர்களும் பெரும்பாலும் மூன்றே விஷயங்களைத்தான் விசாரிக்கிறார்கள்: எந்த பிராண்டு, என்ன கலர், சதுர அடி எவ்வளவு. காற்று அடிக்கிற ராத்திரியில் இந்த மூன்றும் உதவாது. கூரை நிற்பதும் பறப்பதும், அந்த ஷீட்டை எது கீழே பிடித்து வைத்திருக்கிறது, அதைப் பிடிக்க வைத்த ஆள் யார் என்பதில்தான் இருக்கிறது. அதனால் ஆளையும் பிடிமானத்தையும் முதலில் சொல்லிவிட்டு ஷீட்டுக்கு அப்புறம் வருகிறேன்.

2018 நவம்பர் 16 விடிவதற்கு முன்னால் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கஜா புயல் கரையேறியபோது காற்று மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் வீசியது. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று ஒரு சதுர மீட்டர் மேல் கொடுக்கிற அழுத்தம் ஏறக்குறைய 68 கிலோ, 140-க்கு ஏறினால் 90 கிலோவைத் தாண்டிவிடும், ஏனென்றால் வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். நாம் போடுகிற கலர் ஷீட்டோ சதுர மீட்டருக்கு நாலு, ஐந்து கிலோதான். காற்று கூரையை மேலிருந்து அமுக்குவதை விட, சரிவின் மேலே வழுக்கிப் போகும்போது மேல்நோக்கி உறிஞ்சி இழுப்பதுதான் ஆபத்து, அதுவும் ஓரங்களிலும் மூலைகளிலும் முகட்டிலும் இழுவை மிக அதிகம். நாலு பக்கமும் திறந்த மாடி ஷெட் என்றால் கீழே புகுந்த காற்று மேலே தள்ளவும் செய்யும். ஷெட் போடுபவரிடம் "வெயிட் தாங்குமா?" என்று கேட்கிறோம், அது சரிதான், ஆனால் இங்கே கேட்க வேண்டிய கேள்வி "தூக்கினால் தாங்குமா?" என்பது.

ஷெட்டின் கால் எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள். மாடியில் பேஸ் பிளேட் (தூணின் அடியில் வருகிற இரும்புத் தகடு) வைத்து ஆங்கர் போல்ட் அடிக்கும்போது அது கான்கிரீட் பீமிலோ தூணின் தலையிலோ இறங்க வேண்டும். பல பேர் வேலை சுலபம் என்று கைப்பிடிச் சுவரின் மேலேயே பைப்பை நிறுத்தி, இரண்டு போல்ட் போட்டு, சுற்றிலும் சிமெண்ட் பூசிவிட்டுப் போகிறார்கள். அது நாலரை அங்குலச் செங்கல் சுவர், காற்று ஷெட்டைத் தூக்கினால் சுவரோடு சேர்ந்து பெயர்ந்து வந்து தெருவில் விழும். தட்டோட்டின் மேலேயோ சுருக்கித் தளத்தின் மேலேயோ போல்ட் அடிப்பதும் அதே மாதிரிதான், போல்ட் பிடிப்பது கான்கிரீட்டை இல்லை, அதன் மேல் இருக்கிற பூச்சைத்தான். அதோடு அந்த ஓட்டை வழியாக மழை இறங்கும். தளத்தைத் துளைத்தே ஆக வேண்டும் என்றால் துளையைச் சுற்றி நீர்க்கசிவுத் தடுப்பு எப்படிச் செய்வீர்கள் என்று முதலிலேயே கேளுங்கள், அந்தக் கேள்விக்குத் தடுமாறுகிற ஆள் உங்கள் மாடிக்கு வேண்டாம். தரையிலிருந்து எழுப்புகிற ஷெட் என்றால் நம் வண்டல் களிமண் மழைக்கு ஊறி உப்பும், கோடைக்கு வெடிக்கும், எனவே தூணுக்கு ஒன்றரை அடி குழி தோண்டி ஜல்லி கொட்டுவதெல்லாம் பத்தாது, குறைந்தது மூன்று நாலு அடி ஆழமும் கான்கிரீட்டும் கேளுங்கள்.

அடுத்தது பைப். 50-க்கு 50 சதுர பைப் என்று கொட்டேஷனில் எழுதியிருக்கும், கனம் எழுதியிருக்காது. 2 மில்லிமீட்டர் கனம் என்றால் மீட்டருக்கு ஏறக்குறைய 3 கிலோ, 20 அடி நீளம் ஒன்று 18 கிலோ வர வேண்டும். கணக்கு ரொம்ப எளிது, 1 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்பு 1 சதுர மீட்டர் 7.85 கிலோ, இதை வைத்து ஷீட், பைப் எதையும் நீங்களே சரிபார்க்கலாம். வண்டி வந்து இறங்கும் நாளில் எடை மேடைச் சீட்டைக் கேளுங்கள். இதில் சங்கடப்பட எதுவும் இல்லை, நெல் போடும்போது எடை பார்க்காமல் யாராவது மூட்டையை ஏற்றி விடுவார்களா?

அப்புறம் ஸ்க்ரூ. இரண்டு ரூபாய்ப் பொருள் என்று நினைத்து யாருமே இதைக் கேட்பதில்லை, ஆனால் ஷீட்டைப் பிடித்திருப்பது இது மட்டும்தான். ஷீட்டின் நடுப்பகுதியில் ஒன்று விட்டு ஒரு மேட்டில் ஸ்க்ரூ போட்டால் பரவாயில்லை, ஆனால் தாழ்வாரத்து ஓரம், முகடு, இரண்டு பக்க விளிம்பு இந்த இடங்களில் ஒவ்வொரு மேட்டிலும் போட்டே ஆக வேண்டும். ரப்பர் வாஷர் உள்ள ஸ்க்ரூவாக இருக்கட்டும், அதை ஷீட் நசுங்குகிற அளவுக்கு இறுக்கவும் கூடாது, வாஷர் வெளியே பிதுங்கினால் ஆறு மாதத்தில் வெடித்துக் கசியும். நாகை, வேதாரண்யம், தரங்கம்பாடி, பூம்புகார் மாதிரி உப்புக்காற்று வருகிற ஊர்களில் சாதாரண ஸ்க்ரூ ஷீட்டுக்கு முன்னாலேயே துருப்பிடித்துவிடும், ஷீட் பளபளவென்று இருக்கும், பிடிமானம் போயிருக்கும். துரு தாங்குகிற பூச்சுள்ள ஸ்க்ரூ கேளுங்கள், கூடுதல் செலவு மொத்த வேலையில் ரொம்பச் சின்னது. பர்லின், அதாவது ஷீட்டைத் தாங்குகிற குறுக்குப் பைப், இடைவெளி நாலடிக்கு மேல் போக விடாதீர்கள், ஓரத்தில் அதை விட நெருக்கமாக வேண்டும். ஷீட்டைச் சுவரைத் தாண்டி மூன்றடி நாலடி நீட்டி விடச் சொல்லாதீர்கள், சாரல் அடிக்காமல் இருக்க நல்லதுதான், ஆனால் காற்று முதலில் கை வைக்கிற இடம் அந்த நீட்டல். இரண்டடிக்குள் நிறுத்திவிட்டு மீதிச் சாரலுக்குத் தனியாகத் தட்டி கட்டிக்கொள்ளலாம். மாடி ஷெட்டின் ஒரே பக்கத்தை மட்டும் ஷீட் வைத்து மூடுவதையும் தவிர்த்துவிடுங்கள், எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிற காற்று உள்ளே மாட்டிக்கொண்டு கூரையைத் தூக்கும். நமக்கு மழை வாடைக்காற்றோடும் கொண்டலோடும் வருகிறது என்பதற்காக அந்தப் பக்கத்தை மட்டும் பலப்படுத்தினால் போதும் என்று சொல்வார்கள். புயலின் கண் கடந்து போனபின் காற்று நேரெதிர்த் திசையிலிருந்து திரும்பி அடிக்கும், எல்லாப் பக்கமும் வேண்டும்.

சரி, ஆளை எப்படித் தேர்வு செய்வது? இந்த ஊரில் இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. "கஜாவுக்கு முன்னால் நீங்கள் போட்ட ஷெட் ஏதாவது இன்னும் நிற்கிறதா, போய்ப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். 2018-க்கு முன்பே போட்டு இன்று வரை நிற்கிற ஒரு ஷெட் எந்த விளம்பரத்தையும் விடப் பெரிய சாட்சி. போனால் ஷீட்டின் நிறத்தைப் பார்க்காதீர்கள், பேஸ் பிளேட் அடியில் துரு எவ்வளவு, வெல்டிங் முழுக்கச் சுற்றி ஓடியிருக்கிறதா இல்லை அங்கங்கே பொட்டு வைத்து விட்டிருக்கிறார்களா, ஓரத்தில் ஸ்க்ரூ எத்தனை, அந்த வீட்டு அம்மா மழைக்குப் பாத்திரம் வைக்கிறார்களா, இதையெல்லாம் பாருங்கள். வீட்டுக்காரர்களிடமே கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

புயல் முடிந்த மறுவாரம் வெளியூரிலிருந்து வண்டியோடு வந்து "இன்றைக்கே முடித்துத் தருகிறோம்" என்று சொல்பவர்களிடம் அவசரத்தில் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். வீடு திறந்து கிடக்கும்போது பயம் புரிகிறது, ஆனால் தார்ப்பாய் கட்டி ஒரு வாரம் ஓட்டிவிட்டு உள்ளூர்ப் பட்டறைக்காரரிடம் போவது நல்லது, நாளைக்குக் கசிந்தால் அவர் வீட்டு வாசலில் போய் நிற்க முடியும். வேலைக்குச் சரியான காலம் பொங்கல் முடிந்து சித்திரை வரை, அப்போது ஆளும் நிதானமாகக் கிடைப்பார், மழைத் தொந்தரவும் இல்லை. ஐப்பசி கார்த்திகையில் போய் நின்றால் அவர் சொல்வதுதான் ரேட்.

கொட்டேஷன் எழுத்தில் வேண்டும். சதுர அடி ரேட் என்றால் எந்தச் சதுர அடி, தரை அளவா, சரிவோடும் நீட்டலோடும் சேர்ந்த ஷீட் அளவா? இதில் மட்டும் பெரிய வித்தியாசம் வரும். பைப்பின் அளவும் கனமும், ஷீட்டின் பிராண்டும் கனமும் பூச்சும், ஸ்க்ரூ வகை, முகட்டு கேப், தண்ணீர்க் காடி, இறக்குப் பைப், பெயிண்ட், வண்டி வாடகை எல்லாம் உள்ளேயா வெளியேயா என்று வரிவரியாக எழுதி வாங்குங்கள். பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்: பொருள் வந்து இறங்கியதும் ஒரு பங்கு, ஃபிரேம் நின்றதும் ஒரு பங்கு, முதல் நல்ல மழை பார்த்தபின் கடைசிப் பங்கு. கடைசிப் பங்கு சிறியதாக இருக்கலாம், ஆனால் இருக்க வேண்டும். மேலே ஏறுகிற பையன்களுக்கு இடுப்புக் கயிறு இருக்கிறதா என்று பாருங்கள், மின்கம்பி பக்கத்தில் போகிறது என்றால் மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திவிட்டுத்தான் 20 அடி ஷீட்டைத் தூக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளும் யாரோ ஒருவருடைய பிள்ளைகள்.

இப்போது ஷீட். கலர் கோட்டிங் ஷீட்டில் 0.47, 0.50 என்று சொல்வது பல கடைகளில் பெயிண்டும் பூச்சும் சேர்ந்த கனம், உள்ளே இருக்கிற இரும்பு அதை விடக் குறைவு, இரண்டையும் கேளுங்கள். நல்ல கம்பெனி ஷீட்டின் அடிப்பக்கத்தில் பெயரும் கனமும் அச்சடித்திருக்கும். அலுமினிய-துத்தநாகப் பூச்சில் ஏ.இசட். 150 என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து சதுர மீட்டருக்கு 150 கிராம், ஏ.இசட். 70 அதில் பாதிக்கும் குறைவு. கடற்கரை ஊர்களுக்கு 150-க்குக் கீழே இறங்க வேண்டாம், கடலுக்கு மிக அருகில் வாரண்டி செல்லுமா என்று சீட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள். கிரைண்டர் வைத்து ஷீட்டை வெட்ட விடாதீர்கள், தெறிக்கிற பொறி பெயிண்டில் ஒட்டி அங்கங்கே துருப்புள்ளி வரும், கத்தரி வைத்து வெட்டட்டும், வேலை முடிந்ததும் இரும்புத் தூளைக் கூட்டித் தள்ளட்டும். ஷீட்டும் சுவரும் சேருகிற இடத்தைச் சிமெண்ட் வைத்து அடைப்பது எங்கும் நடக்கிறது, அது தவறு. சிமெண்டின் காரம் பூச்சைத் தின்றுவிடும், அதோடு 20 அடி ஷீட் காலைக்கும் உச்சிவெயிலுக்கும் நடுவில் 3 மில்லிமீட்டர் வரை நீளும், சிமெண்ட் விரிசல் விடாமல் என்ன செய்யும்? சுவரில் காடி வெட்டி ஃப்ளாஷிங் (இடுக்கை மூடுகிற மடித்த தகடு) சொருகச் சொல்லுங்கள்.

வெயிலுக்கு, கருநீலமும் மெரூனும் அழகாக இருக்கிறது என்று வாங்கி அக்னி நட்சத்திரத்தில் அதன் கீழே உட்கார முடியாமல் தவிப்பதை விட, வெள்ளையோ வெளிர் நிறமோ வாங்குங்கள், வெயிலைத் திருப்பி அனுப்புவதில் வெள்ளைக்கு ஈடு இல்லை. முகட்டில் சூடான காற்று வெளியேற வழி விடுங்கள். கீழே சீலிங் போடுவதாக இருந்தால் ஷீட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவில் காற்று ஓட வேண்டும், தெர்மாக்கோல் சீலிங் மலிவு, ஆனால் தீப்பிடித்தால் நொடியில் பரவும், படுக்கிற அறைக்கு வேண்டவே வேண்டாம். கான்கிரீட் தளம் பகலில் குடித்த சூட்டை ராத்திரியில் கக்கும், ஷீட் பொழுது சாய்ந்ததும் ஆறிவிடும், அதனால் தளத்தின் மேலே நிழலாக ஒரு ஷெட் என்பது உண்மையிலேயே நல்ல யோசனை.

சிமெண்ட் ஷீட் மலிவு, சத்தமும் குறைவு. ஆனால் ஆஸ்பெஸ்டாஸ் கலந்தது என்றால் அதன் தூசி புற்றுநோய் தருவது, எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் அப்படித்தான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத சிமெண்ட் ஷீட்டும் வருகிறது, அதைக் கேளுங்கள். பழைய ஷீட்டைக் கழற்றும்போது உடைக்காமல், தண்ணீர் தெளித்து, முகக்கவசத்தோடு எடுக்கச் சொல்லுங்கள், அதன் மேல் நேராகக் கால் வைத்து யாரும் நடக்கக் கூடாது, பலகை போட்டுத்தான் ஏற வேண்டும்.

ஓட்டு வீடு நன்றாக இருந்தால் பிரிக்காதீர்கள். சீமை ஓடு கனமானது, குளிர்ச்சி தருவது, உடைந்த ஓட்டை மட்டும் மாற்றலாம், குரங்குத் தொல்லைதான் ஒன்று. கைமரத்தில் கரையான் இருக்கிறதா பாருங்கள், முகட்டு ஓட்டைச் சாந்து வைத்துக் கட்டுங்கள், ஓரத்து இரண்டு மூன்று வரிசை ஓடுகளை ரீப்பரோடு கம்பி போட்டுக் கட்டிவிடுங்கள், பாதி பயம் தீர்ந்தது. ஓடு மேய்கிற கைகள் குறைந்துகொண்டே வருகின்றன, உங்கள் ஊரில் ஒருவர் இருந்தால் மதிப்பாக நடத்துங்கள்.

கீற்றுக் கூரை குளிர்ச்சிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்துக் கீற்றுக் கொட்டகை பற்றி எரிந்து 94 குழந்தைகளைப் பறிகொடுத்த மண் இது. சமையல் நடக்கிற இடத்திலும், மின்கம்பி ஓடுகிற இடத்திலும், பிள்ளைகள் கூடுகிற இடத்திலும் கீற்று வேண்டாம். ஷீட்டின் மேல் குளிர்ச்சிக்காகக் கீற்றைப் பரப்புவதும் வேண்டாம், வெள்ளை ஷீட் அந்த வேலையைப் பெரும்பாலும் செய்துவிடும்.

போட்டு முடித்தபின் ஒவ்வொரு புரட்டாசியிலும், மழை இறங்குவதற்கு முன்னால், ஒரு ஆளை மேலே ஏற்றி ஓர ஸ்க்ரூக்களைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆடுகிறதை மாற்றுங்கள், துருப்பிடித்ததைக் கழற்றி ஒரு அளவு பெரிய ஸ்க்ரூ போடுங்கள், தண்ணீர்க் காடியில் சருகு அள்ளுங்கள், கூரையின் மேல் சாய்ந்திருக்கிற தென்னை மட்டைகளையும் முற்றிய காய்களையும் இறக்குங்கள். பேஸ் பிளேட்டில் துரு தெரிந்தால் சுரண்டி ரெட் ஆக்சைடு அடித்து மேலே பெயிண்ட் கொடுங்கள், அரை நாள் வேலைதான்.