தொழிற்சாலை இடர்கள்: பன்னாட்டு நிறுவனங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல நாடுகளில் ஆலைகளை நடத்தும் ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் புரட்டினால், சுற்றுச்சூழல், சட்டம், பேரிடர் என மூன்று தலைப்புகளில் இடர்கள் தனித்தனியே எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு தலைப்பையும் ஒவ்வொரு துறை எழுதியிருக்கும். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்தாரா என்பது சந்தேகமே. முதல் தவறு இந்தப் பாகப்பிரிவினையில்தான் இருக்கிறது, ஏனெனில் விபத்து நடக்கும் இரவில் மூன்றும் சேர்ந்தே வந்து நிற்கின்றன.

2020 மே 7 அதிகாலையில், விசாகப்பட்டினத்தின் ஆர்.ஆர். வெங்கடாபுரத்தில், தென்கொரியாவின் எல்.ஜி. கெம் நிறுவனத்துக்குச் சொந்தமான எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையின் தொட்டி ஒன்றிலிருந்து, பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் ஸ்டைரீன் என்ற திரவத்தின் ஆவி கசிந்து, சுற்றுப்புறத்தில் 12 பேர் இறந்தனர். ஸ்டைரீன் சும்மா கிடந்தாலும் சும்மா இராத பொருள்: அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று இணையத் தொடங்கினால் வெப்பம் பிறக்கும், அந்த வெப்பம் இணைப்பை மேலும் விரைவாக்கும். இதைத் தடுக்கவே டி.பி.சி. என்ற தடுப்பானைக் கலந்து, திரவத்தை இடைவிடாமல் குளிர்ச்சியாக வைத்திருப்பார்கள். ஊரடங்கில் ஆலை ஓய்ந்திருந்த வாரங்களில் தொட்டி மட்டும் நிறைந்தே இருந்தது. ஆந்திர அரசு அமைத்த உயர்நிலைக் குழு ஆராய்ந்தபோது, வெப்பமானி தொட்டியின் அடிப்பகுதியில் மட்டுமே பொருத்தப்பட்டிருந்ததும், மேலடுக்கு சூடேறிக்கொண்டிருந்ததை அது காட்டவே வழியில்லாமல் இருந்ததும் தெரியவந்தது. குளிரூட்டும் அமைப்பு இரவும் பகலும் ஓட்டப்படவில்லை, போதிய தடுப்பான் கையிருப்பில் இல்லை, ஊரை எழுப்ப வேண்டிய சைரனும் ஒலிக்கவில்லை.

நின்றிருக்கும் ஆலை பாதுகாப்பான ஆலை என்ற எண்ணமே அங்கு நடந்த தவறு என்று நான் கருதுகிறேன். பெருந்தொற்றைப் பேரிடர்ப் பிரிவு ஊழியர்களின் உடல்நலச் சிக்கலாக மட்டும் பார்த்திருந்தால், ஆளில்லாத ஆலையில் யார் தொட்டியைப் பார்ப்பது என்ற கேள்வி எந்தத் துறையின் மேசைக்கும் வந்திருக்காது. அந்த ஆலையின் விரிவாக்கத்துக்கு உரிய சுற்றுச்சூழல் அனுமதி இல்லை என்பதை 2019இல் நிறுவனமே தன் பிரமாணப் பத்திரத்தில் ஒப்புக்கொண்டிருந்தது. அதுவரை வெறும் காகிதக் குறையாகத் தோன்றிய அந்த வரி, விபத்துக்குப் பின் நிறுவனத்துக்கு எதிரான ஆவணமாக மாறியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மறுநாளே தானாக முன்வந்து வழக்கை எடுத்து, முதல்கட்டமாக 50 கோடி ரூபாயைக் கட்டச் சொன்னது. ஜூலையில் தலைமைச் செயல் அதிகாரி உட்பட 12 பேர் கைதாயினர்.

அடுத்த தவறு, தன் மதிலோடு கணக்கை முடித்துக்கொள்வது. 2011இல் தாய்லாந்தின் சமவெளியில் வெள்ளம் பல வாரங்களாக வடக்கிலிருந்து மெதுவாக இறங்கி வந்து, அயுத்தயா, பதும் தானி மாகாணங்களில் ஏழு தொழிற்பேட்டைகளை மூழ்கடித்தது. ரோஜானா தொழிற்பேட்டையில் இருந்த ஹோண்டா கார் ஆலை தண்ணீருக்குள் போய், அடுத்த ஆண்டு மார்ச் கடைசியில்தான் மீண்டும் ஓடியது. டொயோட்டாவின் ஆலைகளுக்குள் தண்ணீர் வரவில்லை. ஆனாலும் உதிரிபாகம் செய்து தந்தவர்களின் ஆலைகள் மூழ்கியதால் அங்கும் உற்பத்தி நின்றது. தன் ஆலை மேட்டில் இருக்கிறதா என்று பார்த்த நிறுவனங்கள், தனக்குப் பொருள் தருகிறவரின் ஆலை எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை. காப்பீடு இருக்கிறதே என்று சொல்பவர்கள், அந்த வெள்ளத்தில் லண்டனின் லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தை மட்டுமே 200 கோடி டாலருக்கு மேல் இழந்ததையும், அதன்பின் தாய்லாந்தில் வெள்ளத்துக்கான காப்பீட்டுக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இரண்டு சப்ளையர்கள் இருந்தால் போதும் என்பதும் அரைகுறை ஆறுதல்தான், ஏனெனில் இருவருமே மூன்றாவது ஒருவரிடம் வாங்கிக்கொண்டிருக்கலாம். 2011 மார்ச் 11 நிலநடுக்கத்துக்குப் பிறகு, ஜப்பானின் ஒனஹாமாவில் இருந்த மெர்க் நிறுவனத்தின் ஆலை நின்றபோது, கார்களின் வண்ணப்பூச்சுக்கு மினுமினுப்பைத் தரும் ஸிராலிக் என்ற நிறமி உலகில் வேறெங்கும் செய்யப்படவில்லை என்பது பல கார் நிறுவனங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. சில கறுப்பு, சிவப்பு நிறங்களில் புதிய ஆர்டர் எடுக்க வேண்டாம் என்று அமெரிக்காவில் ஃபோர்டு தன் விற்பனையாளர்களிடம் சொல்ல நேர்ந்தது.

சட்டத்தில் நிகழும் தவறு இன்னும் ஆழமானது. கிளை நிறுவனம் வேறு, தாய் நிறுவனம் வேறு என்ற சுவரை நம்பியே பல குழுமங்கள் வெளிநாட்டில் முதலீடு செய்கின்றன. ஜாம்பியாவின் சிங்கோலா பகுதிக் கிராம மக்கள், கொங்கோலா செப்புச் சுரங்கத்தால் தங்கள் நீர்நிலைகள் மாசுபட்டன என்று கூறி, அதன் தாய் நிறுவனமான வேதாந்தா மீது இங்கிலாந்திலேயே வழக்குத் தொடரலாம் என்று 2019 ஏப்ரலில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதில் கவனிக்க வேண்டியது, தாய் நிறுவனத்துக்குப் பொறுப்பு உண்டு என்று வாதிட இடமிருப்பதைக் காட்ட, குழுமம் முழுவதும் சுற்றுச்சூழல் தரத்தை நாங்களே மேற்பார்வையிடுகிறோம் என்று அதே நிறுவனம் வெளியிட்ட அறிக்கைகள் பயன்பட்டன என்பதே. வழவழப்பான தாளில் அச்சிட்ட வாக்குறுதிகளை எழுதுகிறவர்கள், அவற்றை ஒருநாள் எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் வாசிப்பார் என்று எண்ணி எழுதுவதில்லை. இந்தியாவிலோ, டெல்லி ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் வகுத்த முழுப் பொறுப்புக் கோட்பாட்டின்படி, அபாயகரமான தொழிலை நடத்துகிறவர் எவ்வளவு கவனமாக இருந்தேன் என்று சொன்னாலும் இழப்பீட்டிலிருந்து தப்ப முடியாது.

இன்று சட்டம் அனுமதிக்கிறது என்பதையே எல்லையாகக் கொள்வதும் விலை உயர்ந்த தவறு. எளிதில் சிதையாத பி.எஃப்.ஏ.எஸ். வேதிப்பொருள்களைப் பல பத்தாண்டுகள் தயாரித்த 3எம் நிறுவனம், அவை குடிநீரில் கலந்தது தொடர்பாக அமெரிக்கக் குடிநீர் அமைப்புகள் தொடுத்த வழக்குகளைத் தீர்க்க 2023இல் 1,030 கோடி டாலர் வரை தர ஒப்புக்கொண்டது. அந்த வேதிப்பொருள்களில் பெரும்பகுதி, தயாரிக்கப்பட்ட காலத்தில் எந்த வரம்புக்கும் உட்படாதவை.

கடைசியாக, கீழே தெரிந்த செய்தி மேலே ஏறாமல் போவதைச் சொல்ல வேண்டும். 2000 மார்ச் 17 அன்று அமெரிக்காவின் ஆல்புகெர்க்கியில் இருந்த ஃபிலிப்ஸ் நிறுவனத்தின் சிப் ஆலையில் மின்னலால் தீ மூண்டது. பத்து நிமிடங்களில் அணைந்துவிட்டாலும், புகையும் தண்ணீரும் தூசி நுழையாத உற்பத்தி அறைகளைப் பாழாக்கிவிட்டன. ஒரு வாரம் தாமதமாகும் என்ற தகவல், அங்கிருந்து சிப் வாங்கிய கைபேசி நிறுவனங்களான நோக்கியாவுக்கும் எரிக்சனுக்கும் ஒரே மாதிரிதான் சொல்லப்பட்டது. நோக்கியாவில் அதைக் கேட்டவர் உடனே மேலிடத்துக்குத் தெரிவித்தார். அவர்கள் தினமும் விசாரித்து, ஃபிலிப்ஸின் மற்ற ஆலைகளின் உற்பத்தித் திறனைத் தங்களுக்கென்று பிடித்துக்கொண்டனர். எரிக்சனில் அந்தச் செய்தி இடைநிலை அதிகாரிகளிடமே வாரக்கணக்கில் தங்கிவிட்டது. மேலிடம் விழித்தபோது சந்தையில் வாங்க மாற்றுச் சிப் எதுவும் மிஞ்சவில்லை. அந்த ஆண்டு எரிக்சன் கணக்கிட்ட விற்பனை இழப்பு ஏறத்தாழ 40 கோடி டாலர்.