பாடி வேறு, சேஸ் வேறு இல்லை: ஸ்போர்ட்ஸ் காரில் கை வைக்கும் தம்பிகளுக்கு

போன வாரம் திருப்பூரிலிருந்து ஒரு தம்பி வந்தார். வாங்கி நான்கு மாதமான செகண்ட் ஹேண்ட் கார், இரண்டு கதவு, தரையோடு தரையாகக் கிடக்கும் வண்டி. "ஏனுங்ணா, பைபாஸ்ல சும்மா போயிட்டிருக்கறப்பவே வண்டி தானா பிரேக் புடிக்குதுங்ணா" என்றார். நான் வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை. முன் பம்பரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. 2007இல் நான் செய்த அதே முட்டாள்தனம், இப்போது பல மடங்கு செலவில்.

கோயமுத்தூரில் டிங்கரிங், பெயின்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். பெல்ட் போடுங்கள், காற்று சரிபாருங்கள், சர்வீஸ் புத்தகம் கேளுங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதை உங்கள் வீட்டுப் பெரியவர்களே சொல்லிவிடுவார்கள்.

பம்பரை அலங்காரம் என்று நினைப்பது

நம் பக்கத்துக்காரர்களுக்கு இந்தத் தவறு கூடவே பிறந்தது. கரூரில் பஸ் பாடி, நாமக்கல்லில் லாரி பாடி, திருச்செங்கோட்டில் ரிக் வண்டி. கம்பெனியிலிருந்து வெறும் சேஸ், அதாவது இன்ஜினும் சக்கரமும் மட்டும் உள்ள அடிச்சட்டம், வரும். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெயிலிலும் காற்றிலும் டிரைவர் அதை ஓட்டி வந்து நிறுத்துவார். அதற்கு மேல் என்ன கட்டுவது, எந்தச் சாமி படம் வரைவது என்பதெல்லாம் முதலாளி இஷ்டம். நான் தொழில் பழகியதும் நாமக்கல்லில் ஒரு லாரி பாடி பட்டறையில்தான். பாடி வேறு, சேஸ் வேறு. அந்தப் புத்தியோடுதான் கார் வேலைக்கு வந்தேன்.

காரில் அந்தக் கணக்கு செல்லாது. பெரும்பாலான கார்களில் தனியாகச் சேஸ் என்று ஒன்று கிடையாது. தளம், தூண்கள், கூரை எல்லாம் சேர்ந்து ஒரே கூடு. முன்னால் தெரிகிற பிளாஸ்டிக் பம்பர் வெறும் மூடி. அதற்குள் ஒரு நுரைக்கட்டை. அதற்குப் பின்னால் குறுக்காக ஒரு பீம். பீமின் இரு முனையிலும், நசுங்குவதற்கென்றே செய்து வைத்த இரண்டு டப்பா. அதற்கும் பின்னால்தான் இன்ஜினைத் தாங்கும் நீளமான இரும்புச் சட்டங்கள், பட்டறை பாஷையில் ரயில்கள். மெதுவாக இடித்தால் நுரையோடும் டப்பாவோடும் போக வேண்டும். அடி ரயிலுக்குப் போனால் வண்டியின் முதுகெலும்பு போனது என்று அர்த்தம்.

2007இல் என்னிடம் ஒரு பழைய ஹேட்ச்பேக் இருந்தது. அதற்கு வெளிநாட்டு இரண்டு கதவுக் கூப்பே கார் போல முகம் வேண்டும் என்று ஆசை. நானே மோல்டு எடுத்து ஃபைபர் பம்பர் செய்தேன். அது தாழ உட்காரவில்லை, பீம் இடித்தது. என்ன செய்தேன்? கேஸ் கட்டரை எடுத்துப் பீமை அறுத்துப் போட்டேன். நுரையையும் தூக்கி எறிந்தேன். பார்க்க அம்சமாக இருந்தது, அதை மறைப்பானேன். ஆறு மாதம் கழித்து சூலூர்ப் பக்கம், முன்னால் போன டிராக்டர் திடீரென்று நின்றது. இருபது கிலோமீட்டர் வேகம் இருந்திருக்கும், அவ்வளவுதான். ஃபைபர் தெறித்தது, ரேடியேட்டர் ஃபேனுக்குள் போனது, இடது ரயில் மடங்கியது, டிரைவர் கதவு திறக்கவில்லை. இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார், குனிந்து பார்த்தார், "பீம் எங்கீங்க?" என்றார். என்ன பதில் சொல்ல? கிளெய்ம் இல்லை. கடைசியில் வண்டியை உக்கடத்தில் பார்ட்ஸ் கணக்குக்குப் போட்டுவிட்டு நடந்து வந்தேன். அப்போதைய காசில் ஒன்றே கால் லட்சம் நஷ்டம்.

அந்தக் காலத்தில் பம்பருக்குள் இரும்பும் நுரையும் மட்டும்தான். இன்றைக்கு வருகிற பல வண்டிகளில் அங்கே ரேடார் இருக்கிறது. முன்னால் போகிற வண்டிக்கும் உங்களுக்கும் உள்ள தூரத்தை அளந்து தானாகப் பிரேக் போடுவது அதுதான். பெரும்பாலான கார்களில் அது வேலை செய்வது 77 கிகாஹெர்ட்ஸில், அதாவது அலை நீளம் வெறும் நான்கு மில்லிமீட்டர். அதன் முன்னால் பட்டி (உடைசலை அடைக்கும் பசை) பூசினால், உலோகத் துகள் கலந்த பெயின்டை மூன்று நான்கு கோட் ஏற்றினால், அலை திரும்பி வருவதும் குழம்பும், விலகுவதும் நடக்கும். ரேடார் இருக்கும் இடத்தில் பட்டி வேலையே கூடாது என்று பல கம்பெனி மேனுவல்களிலேயே போட்டிருக்கிறது. திருப்பூர்த் தம்பியின் வண்டியில் யாரோ ஒரு பட்டறைக்காரர் மூலை உடைசலைப் பட்டி வைத்து அடைத்து, மேலே வெள்ளி நிறம் அடித்து, கீழே ஒரு ஸ்ப்ளிட்டரையும் (பம்பருக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தட்டு) திருகியிருந்தார். திருகிய வேகத்தில் ரேடாரைப் பிடித்திருந்த கிளாம்பும் லேசாக வளைந்திருந்தது.

லேசாக என்றால் எவ்வளவு? ஒரு டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு மீட்டர் தூரத்தில் அது ஒன்றே முக்கால் மீட்டர் விலகல். நம் நெடுஞ்சாலையில் ஒரு லேன் மூன்றரை மீட்டர். பாதி லேன் தள்ளிப் பார்க்கிறது ரேடார். பக்கத்து லேனில் போகிற லாரியை உங்களுக்கு முன்னால் போவதாக நினைத்துப் பிரேக் போடுகிறது. உண்மையிலேயே முன்னால் இருக்கிறவனை விட்டுவிடவும் வாய்ப்பு உண்டு. நீலம்பூரிலிருந்து மதுக்கரை போகும் பைபாஸில் பின்னால் டேங்கர் லாரி ஒட்டிக்கொண்டு வரும்போது வண்டி தானாக நின்றால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"அது சும்மா பிளாஸ்டிக்தானுங்களே, இதுக்கா இவ்வளவு?" என்று அந்தத் தம்பி கேட்டார். இந்தக் கேள்விதான் எனக்கு எரிச்சல். புது பம்பர், கிளாம்பு, அப்புறம் சமதளத்தில் வண்டியை நிறுத்தி எதிரே இலக்குப் பலகை வைத்து ஸ்கேனரில் ரேடாரை நேர் செய்வது என்று எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்தைத் தாண்டியது. முதலில் பட்டி வைத்தவர் வாங்கியது ஒன்பதாயிரம்.

இன்னொன்று. சில ஸ்போர்ட்ஸ் கார்களில் பம்பர் நுரைக்குள் ஒரு மெல்லிய ரப்பர் குழாய் ஓடும். மனிதர் மேல் மோதினால் குழாயில் அழுத்தம் ஏறும், உடனே வெடிமருந்து வைத்த லிவர் பானட்டின் பின்பக்கத்தைத் தூக்கிவிடும். விழுகிறவர் தலை இன்ஜினில் மோதாமல் இருக்க இந்த ஏற்பாடு. ஒரு தடவை வெடித்தால் முடிந்தது, லிவர் புதிது போட வேண்டும். பாடி கிட் (வெளியே மாட்டும் அலங்காரப் பாகங்கள்) மாட்டும்போது அந்தக் குழாயை "ஏதோ வாஷர் டியூப்" என்று கத்தரித்தவரை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. இன்சூரன்ஸில் சாதாரண பாலிசி என்றால் பிளாஸ்டிக் பாகங்களுக்கும் ஏர்பேக்குக்கும் 50 சதவீதம் தேய்மானம் பிடித்துக்கொள்வார்கள். முழுக்கப் பிளாஸ்டிக்கும் ஏர்பேக்குமாக இருக்கிற வண்டிக்கு தேய்மானம் பிடிக்காத ஜீரோ டெப் பாலிசி எடுக்காமல் இருப்பது தனித் தவறு. அதற்குத் தலைப்பு போட்டு எழுதும் பொறுமை எனக்கு இல்லை.

ரேஸ் வீரர் கரிவரதன் கோவையில் மாருதி இன்ஜினை வைத்து ரேஸ் கார் கட்டவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. கட்டினார். அது டிராக்குக்காகக் கட்டியது. அவர் பெயரில் செட்டிபாளையத்தில் டிராக்கே இருக்கிறது. வெட்டி ஒட்டிய வண்டியை அங்கே ஓட்டுங்கள், அவிநாசி ரோட்டில் வேண்டாம்.

வடிவத்துக்கு டிசைனரைத் திட்டுவது

"பழைய ஸ்போர்ட்ஸ் கார் எல்லாம் எவ்வளவு ஒல்லி, இப்ப வர்றது எல்லாம் எருமை மாதிரி" என்று பட்டறைக்கு வருகிற எல்லோரும் சொல்கிறார்கள். கண்ணுக்குத் தெரிவது சரிதான். 1996இல் வந்த லோட்டஸ் எலிஸ் சுமார் 725 கிலோ. அதே கம்பெனியின் இன்றைய எமிரா 1,400 கிலோவுக்கு மேல். ஆனால் காரணம் டிசைனரின் ரசனைக் குறைவு இல்லை.

நடந்து போகிறவரின் தலைக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இடம் விட வேண்டும், அதனால் பானட் உயர்ந்தது. இந்தியாவிலும் பாதசாரி பாதுகாப்பு விதி 2018 அக்டோபரில் புது மாடல்களுக்கும் 2020 அக்டோபரில் மற்றவற்றுக்கும் வந்துவிட்டது. பானட் உயர்ந்தால் கண்ணாடியின் கீழ்வரி உயரும், கதவு தடிக்கும். அமெரிக்கச் சட்டப்படி கூரை வண்டி எடையைப் போல மூன்று மடங்கைத் தாங்க வேண்டும், அதனால் முன் தூண் தென்னைமரம் மாதிரி ஆனது. மேலே எழும்பும் ஹெட்லைட் 2004ஓடு புதிய கார்களில் இல்லாமலே போனது. இவ்வளவு தடிமனையும் மறைக்கத்தான் பக்கவாட்டில் மடிப்பு, கீழே கறுப்புப் பட்டை, பெரிய வீல், காற்றே போகாத போலி வென்ட். உயரமான பக்கவாட்டைச் சின்ன வீலோடு நிறுத்திப் பாருங்கள், மாட்டு வண்டி போலத் தெரியும்.

இது புரியாமல் போலி வென்ட்டைத் துளைத்து "நிஜ" வென்ட் ஆக்குகிறார்கள். அந்தத் துளைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று முதலில் கழற்றிப் பாருங்கள். பாதி நேரம் வயரிங், மீதி நேரம் ஹாரன்.

வீலை இன்னும் பெரிதாக்குவது

கம்பெனியே 18, 19 அங்குலம் கொடுத்துவிட்டது. அதற்கு மேல் ஏற்றினால் டயரின் பக்கச் சுவர் இரண்டு விரல் அகலம்தான் இருக்கும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கியவர்கள் அது ஒன்றும் ஆகவில்லை என்பார்கள். மலை ரோடு நன்றாகத்தான் இருக்கிறது. ஊருக்குள் வந்ததும் பெயின்ட் அடிக்காத வேகத்தடை ஒன்று காத்திருக்கும். அலாய் விளிம்பு வளைந்தால் வெல்டிங் வைத்து ஓட்டாதீர்கள். நான் வெல்டிங்காரன், நானே சொல்கிறேன்.

ரேஸ் ஸ்டியரிங் மாட்டுவது

கழற்றிய ஸ்டியரிங்கில்தான் உங்கள் ஏர்பேக் இருந்தது.

சீட் கவர்

சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று எழுதியிருந்தால் தைத்த கவர் போடக் கூடாது. அழகான லெதர் ஆனாலும் கூடாது.

கறுப்பு ஃபிலிம்

2012 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. என்னிடம் ஒட்டித் தரச் சொல்லிக் கேட்காதீர்கள்.

ஷோரூம் விலையை மட்டும் பார்ப்பது

ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 2017இல் 24.62 லட்சத்துக்கு வந்தது. 2020இல் 35.99 லட்சம். 2025இல் 49.99 லட்சம். எட்டு வருடத்தில் இரட்டிப்பு. "கொள்ளை அடிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் முதலில் வந்தது இங்கே கோத்த வண்டி, பின்னால் வந்தவை முழுதாகக் கப்பலில் வந்தவை. 40,000 டாலருக்கு மேல் விலையுள்ள இறக்குமதிக் காருக்கு, 2025 பட்ஜெட்படி சுங்கமும் செஸ்ஸும் சேர்ந்து 110 சதவீதம். அதற்குக் கீழே என்றாலும் 70. அதற்கு மேல்தான் ஜிஎஸ்டி ஏறும், 2025 செப்டம்பர் முதல் பெரிய கார்களுக்கு அது 40.

பாதுகாப்பு விதிகளின் செலவு இன்னொரு விதமாக ஏறுகிறது. மோதல் சோதனை, கேமரா, ரேடார், மென்பொருள் எல்லாவற்றுக்கும் ஆகும் மொத்தச் செலவு, லட்சக்கணக்கில் விற்கும் காருக்கும் சில ஆயிரம் விற்கும் காருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பங்கு போட ஆள் குறைவாக இருந்தால் தலைக்கு விழுவது அதிகம், மொய் விருந்துக் கணக்குதான். ஐரோப்பாவில் 2024 ஜூலையில் விதிகள் இறுகியபோது டொயோட்டா ஜிஆர்86 விற்பனைக்கு வந்து சில வருடத்திலேயே அங்கே நின்றுபோனது. போர்ஷே 718 பெட்ரோல் வண்டிகளும் சைபர் பாதுகாப்பு விதியால் அங்கே விலகின. கொஞ்சம் விலை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார்தான் முதலில் காணாமல் போகிறது.

தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேல் உள்ள காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். 49.99 லட்சம் வண்டிக்குச் சுமார் 10 லட்சம் வரிக்கே போகிறது. ஈரோட்டுக்காரர் ஒருவர் ஷோரூம் விலைக்குப் பணம் புரட்டி வைத்துவிட்டு, இந்த வரிக்கு மாமனாரிடம் போய் நின்றார். அது என்ன கதையானது என்பதை இங்கே எழுத முடியாது.

பாண்டிச்சேரி நம்பர் மலிவு என்று வாங்குவது

12 மாதத்துக்கு மேல் வண்டி இங்கே இருந்தால் பதிவை மாற்றி, வரி கட்ட வேண்டும். மலிவு அங்கேயே கரைந்துவிடும்.

ஏர்பேக் விளக்கைப் பார்க்காமல் வாங்குவது

செகண்ட் ஹேண்ட் எடுப்பவர்கள் சாவியை ஆன் செய்து டேஷ்போர்டைப் பாருங்கள். ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். அணையவே இல்லை என்றால் கோளாறு, அது எல்லோருக்கும் தெரியும். எரியவே இல்லை என்றால் யாரோ பல்பைப் பிடுங்கியிருக்கலாம். சரியாக எரிந்து அணைந்தாலும், வெடித்த பைக்குப் பதில் ரெசிஸ்டர் (மின்தடை) ஒன்றைச் சொருகி கம்ப்யூட்டரை ஏமாற்றுகிறவர்கள் உண்டு. ஸ்டியரிங் மூடியும் டேஷ்போர்டும் நிறத்தில் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் இருந்தால் விலை பேசுவதை நிறுத்திவிட்டு, வண்டியை ஸ்கேனர் உள்ள இடத்துக்குக் கொண்டு போங்கள். விற்பவர் "எதுக்குங்க அதெல்லாம்" என்றால் கிளம்பிவிடுங்கள்.