ஃப்ளைட்டுல வாண்டை சீட்டுலயே உக்கார வைக்கிறது எப்படி

தண்டையார்பேட்டைல மெட்ரோ ஏறுனா நேரா ஏர்போர்ட்டு, அதுவரைக்கும் புள்ள ஜன்னல பாத்துட்டு சமத்தா வரும், கூத்தே ஃப்ளைட்டுல பெல்ட் போடும்போதுதான்.

ரெண்டு வயசுக்குள்ளன்னா மடிதான், கேட்டா குட்டி பெல்ட் ஒண்ணு குடுப்பாங்க, அத உங்க பெல்ட்டுல கோத்து புள்ள இடுப்புல மாட்டுங்க. ரெண்டு பேரையும் ஒரே பெல்ட்டுல சேத்து கட்டிடாதீங்க, குலுங்குச்சுன்னா உங்க வெயிட்டு மொத்தமும் அது மேலதான் வரும்.

என்னைக் கேட்டா காசு இருந்தா தனி சீட்டு போட்டு, கார்ல புள்ளைய உக்கார வைக்கிற கார் சீட்ட கொண்டு போறதுதான் பெஸ்ட், விமானத்துலயும் யூஸ் பண்ணலாம்னு அதுல ஸ்டிக்கர் இருக்கணும், ஏர்லைன்ஸ்ல முன்னாடியே கேட்டுக்கங்க, ஜன்னலோர சீட்டுல வைங்க, எமர்ஜென்சி எக்ஸிட் வரிசைல கூடவே கூடாது. அத தூக்கி மாளலன்னா கேர்ஸ்னு ஒரு வார்பெல்ட் இருக்கு, 10லேந்து 20 கிலோ வரைக்கும், சீட்டு முதுகுல சுத்தி மாட்டணும்.

வெறும் பெல்ட்டுதான்னா வயித்து மேல இல்ல, தொடைக்கு மேல இடுப்பெலும்புல டைட்டா இருக்கணும். எங்க வீட்டு வாலு பக்கிள பாத்தாலே கழட்டும், அதனால ஒரு வாரமா வீட்டு சேர்ல துப்பட்டாவ கட்டி ஃப்ளைட் வெளையாட்டு வெளையாடினோம், அப்புறம் அதுவே பெல்ட் கேட்டுச்சு. கெளம்பும்போதும் எறங்கும்போதும் ஸ்டிக்கர ஒண்ணொண்ணா குடுங்க, மொத்தமா குடுத்தீங்க ரெண்டே நிமிஷத்துல காலி.