நானோ பொடியைக் கையாளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேட்டரி, சூரிய மின்கலம், சூப்பர் கெபாசிட்டர் என்று ஆற்றல் ஆய்வில் இறங்கும் எவருக்கும் சீக்கிரமே ஒரு நானோ பொடி, அதாவது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கான நானோமீட்டரில் அளக்கும் அளவுக்கு நுண்ணிய துகள்களாலான பொடி, கைக்கு வந்துவிடும். பேட்டரி தீப்பிடிப்பதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதைத் தயாரிக்கும் மேசையில், பொடி உலர்ந்து கிடக்கும் நேரத்தைப் பற்றித்தான் பேச்சே இல்லை.

அடிக்கடி காதில் விழுவது, "கார்பன்தானே, கிராஃபைட் மாதிரிதான்" என்ற பேச்சு. இதுதான் இருப்பதிலேயே மோசமான தவறு. 1 செ.மீ. கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர செ.மீ. அதையே 10 நானோமீட்டர் கனசதுரங்களாக வெட்டினால் மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டர். எடை மாறவில்லை; உடலின் திசுக்களோடு உரசும் பரப்புதான் இப்படிப் பெருகியிருக்கிறது. வடிவமும் முக்கியம். நீளமான, விறைப்பான கார்பன் நானோகுழாயை (கார்பன் அணுக்களாலான மிக மெல்லிய குழாய்) நுரையீரலின் துப்புரவு செல்களால் முழுதாக விழுங்க முடியாது. அப்படிப்பட்ட குழாய்களை எலிகளின் வயிற்றறைக்குள் செலுத்தியபோது கல்நார் இழை உண்டாக்குவது போன்ற அழற்சி ஏற்பட்டதை 2008-இல் ஓர் ஆய்வு காட்டியது. 2014-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை ஒரு குறிப்பிட்ட பல்சுவர் நானோகுழாயை (ஒன்றுக்குள் ஒன்றாகப் பல அடுக்கு கொண்டது) மட்டும் 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளது' என்று 2பி பிரிவில் சேர்த்தது. மற்ற வகைகளுக்குப் போதிய சான்று இல்லை என்றது. இதை 'மற்றவை பாதுகாப்பானவை' என்று படித்துக்கொள்பவர்களும் உண்டு!

ஆகவே பொடியோடு வரும், அதன் ஆபத்துகளைச் சொல்லும் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. சிலவற்றில் சாதாரண கிராஃபைட்டின் எண்களே இருக்கும். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையாஷ் (NIOSH) இயற்கை கிராஃபைட் தூசிக்குப் பரிந்துரைக்கும் வரம்பு ஒரு கனமீட்டர் காற்றில் 2.5 மில்லிகிராம், கார்பன் நானோகுழாய்க்கு 2013-இல் சொன்னது 1 மைக்ரோகிராம். 2,500 மடங்கு வித்தியாசம்.

அடுத்து முகக்கவசம். 'நானோ துகள் கவசத்தின் ஓட்டை வழியாகப் போய்விடும், போட்டு என்ன பயன்' என்பது தவறான கணக்கு. மிகச் சிறிய துகள்கள் நேர்கோட்டில் போகாமல் அலைபாய்ந்து இழைகளில் ஒட்டிக்கொள்ளும். அதனால் என்95 வடிகட்டி அவற்றையும் நன்றாகவே பிடிக்கும். கோட்டைவிடுவது ஓரத்தில்தான்: கன்னத்தில் சரியாகப் படியவில்லை என்றால், தாடி இருந்தால், காற்று அந்த இடைவெளி வழியாக வரும். தளர்வான அறுவைச் சிகிச்சைக் கவசத்தை இதற்கு நம்பவே வேண்டாம்.

ஆய்வகத்தில் நச்சுக் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் புகைப்போக்கிப் பெட்டியில் காற்றை அதிகபட்ச வேகத்தில் வைப்பதும் வேண்டாம். சுழல் உண்டாகி லேசான பொடி வெளியே வரும். சிந்தியதை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவது, சாதாரண வேக்யூம் கிளீனரால் இழுப்பது இரண்டுமே தூசியைக் காற்றில் ஏற்றும் வேலை. பெரும்பாலான பொடிகளுக்கு ஈரத் துணி போதும். ஆனால் நானோ அலுமினியத்துக்கு அது ஆகாது. தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வெளியேறும், பொடியும் எளிதில் தீப்பற்றும்.

சரி, திரவத்தில் கலந்துவிட்டால் பயமில்லையா? மீயொலிக் கருவியால் திறந்த பாத்திரத்தில் கலக்கும்போது நுண்துளிகள் தெறித்துக் காற்றில் மிதக்கும். மூடிவைத்துச் செய்ய வேண்டும். மேசையில் சிந்திக் காய்ந்த துளி மறுபடி பொடிதான்.

இதற்கு நேர்மாறாக, கூரையில் உள்ள சூரியத் தகட்டைப் பார்த்துப் பயப்படுவதும் வீண். அங்கே நானோ பொருள் அடுக்குகளுக்குள் கட்டுண்டு கிடக்கிறது. உடைத்து, அரைத்து மறுசுழற்சி செய்யும் கட்டத்தில்தான் மறுபடி தூசிக் கவலை வரும். காட்மியம் குவாண்டம் புள்ளிகளில் (காட்மியம் கலந்த, சில நானோமீட்டரே உள்ள குறைக்கடத்தித் துகள்கள்) இன்னொரு சிக்கல்: மேலுறை சிதைந்தால் காட்மியம் அயனிகள் கசியும். சிறுநீரகத்தில் பல ஆண்டுகள் தங்கும் நஞ்சு அது. அந்தக் கழிவைக் கழுவுதொட்டியில் ஊற்றாமல் தனிப் புட்டியில் சேர்த்து, பெயர் எழுதி ஒட்டி, நச்சுக் கழிவாகவே அனுப்புங்கள்.